விறகு மரம் கட்டில் ஆன கதை

குளத்தூர் கேரளத்தின் தென்கோடியில் உள்ள ஊர். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் பொழியூர்க் கடற்கரை. இன்னொரு பக்கம் பாறசாலை. களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது.

1956 நவம்பர் 1 அன்று இங்கே மாநில எல்லை வகுக்கப்பட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்தது. ஆனால் உறவு அறுந்து போகவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கிறது.

எல்லையின் இரண்டு பக்கமும் ஒரு மரம் வளர்கிறது. அது ரப்பர் மரம். கேரளப் பக்கம் வெள்ளறடை, அம்பூரி. தமிழ்நாட்டுப் பக்கம் அருமனை, குலசேகரம். இந்த ஊர்களில் பல குடும்பங்களுக்கு ரப்பர்தான் சோறு.

குளத்தூரில் ஓர் ஆசாரி இருந்தார். மர வேலைதான் அவர் பிழைப்பு. அவருடைய அக்காளை வெள்ளறடைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. அக்காள் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் ரப்பர் உண்டு. ஒரு நாள் அக்காள் புருஷன் ஆட்டோவில் நாலைந்து பலகைகளோடு வந்து இறங்கினார்.

"மச்சான், பிள்ளைக்கு ஒரு கட்டில் செய்து தா. நம்ம தோட்டத்துத் தடிதான்."

ஆசாரி பலகையைத் தட்டிப் பார்த்தார். பலகை முழுவதும் நீலமும் கறுப்புமாகக் கறை. ஓரத்தைத் தட்டியதும் மாவு போலத் தூள் கொட்டியது.

"அத்தான், இது எப்போ வெட்டின தடி?"

"வெட்டி ஒரு மாசம் ஆச்சு. அரை ஏக்கர் வெட்டினேன். 60 மரம். லாரி கிடைக்கல்ல. தடி தோட்டத்திலேயே கிடந்தது. கடைசியில் செங்கல் சூளைக்காரர் வந்து எடுத்தார். விறகு விலைதான் கிடைச்சுது."

"இதில் கட்டில் செய்தால் ஒரு வருஷம் தாங்காது. உளுத்துப் போகும்."

"ரப்பர் மரம் என்றாலே அப்படித்தானே?"

"இல்லை அத்தான். போன வாரம் பாறசாலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஒரு கட்டிலின் கால் ஆடியது. அதைச் சரி பண்ணினேன். அதுவும் ரப்பர் மரக் கட்டில்தான். வாங்கிப் பதினைந்து வருஷம் ஆச்சாம். ஒரு துளைகூட இல்லை."

அத்தான் யோசித்தார். "அதுவும் ரப்பர். இதுவும் ரப்பர். பிறகு வித்தியாசம் எங்கே?"

நல்ல கேள்வி. அதற்கான பதில்தான் இந்தப் பாடம்.

ஒரு மரம், இரண்டு வருமானம்

ரப்பர் மரம் நமது நாட்டு மரம் அல்ல. தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுக் காடுகளில் பிறந்தது. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. பிறகு ஆசியாவின் பல நாடுகளுக்கும் பரவின. கேரளத்தில் பெரியாற்றின் கரையில் தட்டேக்காடு என்ற ஊர் இருக்கிறது. 1902-ல் அங்கேதான் இந்தியாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் உருவானது.

நட்ட ஏழாம் ஆண்டு வாக்கில் பால் வெட்டத் தொடங்குவார்கள். 25 அல்லது 30 வயது ஆனதும் பால் குறைந்துவிடும். மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட வேண்டும்.

பால் நாள்தோறும் தரும் வருமானம். தடி ஒரே ஒரு முறை தரும் வருமானம். அதைக் கொண்டுதான் பலர் மகள் கல்யாணத்தை நடத்துகிறார்கள். வீட்டுக்குக் கூரை போடுகிறார்கள். புதுக் கன்று பால் தரும் வரை ஏழு ஆண்டுகளைத் தள்ளுவதும் அந்தப் பணத்தில்தான். பால் விற்பதில் இன்று தவறு செய்தால் நாளை திருத்தலாம். தடி விற்பதில் தவறு செய்தால் திருத்த 25 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ரப்பர் மரம் ஏன் கெடுகிறது?

தேக்கு மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்திருக்கும். அதனால் பூச்சி எளிதில் அண்டாது. ரப்பர் மரத்தில் அப்படி வைரம் கிடையாது. மரத்துக்குள் மாவும் சர்க்கரையும் நிறைய உள்ளன. ஈரமும் அதிகம். பூசணத்துக்கும் வண்டுக்கும் இதைவிட நல்ல விருந்து வேறு என்ன வேண்டும்?

மரத்தை வெட்டிய சில நாட்களிலேயே பூசணம் பிடிக்கும். நீலக் கறை படரும். பிறகு வண்டு துளை போடும். மரம் மாவாக உதிரும். மழைக் காலத்தில் கேடு இன்னும் வேகமாக வரும்.

அதனால் நெடுங்காலம் ரப்பர் மரம் விறகாகவே போனது. செங்கல் சூளையில் எரிந்தது. பொருள்களை அடைத்து அனுப்பும் பெட்டி செய்யவும் தீக்குச்சி செய்யவும் கொஞ்சம் பயன்பட்டது. அவ்வளவுதான்.

ஆனால் இந்த மரத்தில் நல்ல குணங்களும் உண்டு. வெளுத்த சந்தன நிறம். கனமும் ஏறக்குறையத் தேக்கைப் போன்றது. இழைப்புளி போட்டால் வழவழப்பாக வரும். ஆணியும் பசையும் நன்றாகப் பிடிக்கும். சாயம் எளிதில் ஏறும். கெடாமல் காப்பாற்ற ஒரு வழி மட்டும் தேவைப்பட்டது.

ஆராய்ச்சி காட்டிய வழி

அந்த வழியை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி, மருந்தூட்டுதல். வெண்காரம் எல்லாருக்கும் தெரிந்த பொருள். பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும்போது பயன்படுத்துவார். போரிக் பவுடரும் தெரிந்ததுதான். கேரம் பலகையில் தூவுவார்கள். இந்த இரண்டிலும் போரான் என்ற பொருள் இருக்கிறது. இவற்றை நீரில் கரைத்தால் அதுவே மரத்துக்கு மருந்து. அறுத்த பலகைகளை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்குவார்கள். கதவை இறுக மூடுவார்கள். உள்ளே இருக்கும் காற்றை எந்திரம் உறிஞ்சி எடுக்கும். பிறகு மருந்து நீரை உள்ளே விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். மருந்து பலகையின் நடுப்பகுதி வரை போய்ச் சேரும். மேலே பூசினால் இப்படி ஊறாது.

இரண்டாம் படி, உலர்த்துதல். பச்சை மரத்தில் நீர் மிக அதிகம். வெயிலில் போட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். அதனால் சூடும் காற்றும் அளவோடு வரும் உலர் அறையில் வைத்துச் சிறிது சிறிதாக உலர்த்துவார்கள். 100 கிலோ உலர்ந்த மரத்துக்கு 10 அல்லது 12 கிலோ நீர் என்ற நிலை வந்ததும் வெளியே எடுப்பார்கள்.

மூன்றாம் படி, ஒட்டுதல். ரப்பர் மரத்தில் நீளமான பலகை கிடைப்பது அரிது. துண்டு துண்டாகத்தான் வரும். துண்டுகளின் முனையைச் சீப்பின் பல் போல வெட்டுவார்கள். இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வது போல ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பசையிட்டு அழுத்துவார்கள். சிறு துண்டுகள் சேர்ந்து பெரிய பலகை ஆகும். முன்பு அடுப்புக்குப் போன துண்டு இப்போது மேசையில் இடம் பிடிக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மருந்து நீரில் கரையக் கூடியது. மழையில் நனைந்தால் வெளியேறிவிடும். அதனால் மருந்தூட்டிய ரப்பர் மரம் வீட்டுக்கு உள்ளே இருக்கும் பொருள்களுக்குத்தான் ஏற்றது. வேலிக்கும் வெளிவாசல் கதவுக்கும் ஆகாது.

ஆராய்ச்சி மரத்தை வெட்டிய பிறகு மட்டும் உதவுவதில்லை. நடும்போதே தொடங்குகிறது. கோட்டயத்தில் 1955-ல் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அந்த நிலையம் தந்த ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரகம் 1980-ல் வெளியானது. பால் அதிகம் தந்ததால் கேரளம் எங்கும் பரவியது. மலேசியாவில் பாலும் தடியும் சேர்த்துத் தரும் ரகங்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்தார்கள். திருச்சூர் அருகே பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது 1975-ல் தொடங்கியது. ரப்பர் மரத்தைத் தாக்கும் பூச்சிகளையும் பூசணத்தையும் அங்கே ஆராய்ந்தார்கள்.

சங்கிலியில் ஒரு கண்ணி

இப்போது அத்தானின் கேள்விக்கு வருவோம். வழி கண்டுபிடித்தாகிவிட்டது. பிறகும் அவருடைய 60 மரம் ஏன் சூளைக்குப் போனது?

தோட்டத்திலிருந்து கட்டில் வரை ஒரு சங்கிலி இருக்கிறது. தோட்டக்காரர், மரம் வெட்டுபவர், லாரிக்காரர், அறுவை மில், மருந்தூட்டும் ஆலை, உலர் அறை, தச்சுப் பட்டறை, கடை. இவை எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள்.

மரத்தை வெட்டிய இரண்டு மூன்று நாட்களில் தடி மில்லுக்குப் போவது நல்லது. அறுத்த பலகைக்கு உடனே மருந்தூட்ட வேண்டும். இடையில் ஒரு கண்ணி தாமதித்தால் போதும். மற்ற எல்லாரும் நன்றாக வேலை செய்தும் பயன் இல்லை. அத்தானின் தோட்டத்தில் லாரி என்ற கண்ணி அறுந்தது. மரம் விறகானது.

ஆகவே இந்தத் தொழிலில் பணம் போட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று ஆராய்ச்சி. மற்றொன்று இந்தச் சங்கிலி. தோட்டத்துக்குப் போகும் பாதை, அருகிலேயே மருந்தூட்டும் ஆலை, உலர் அறை, நல்ல எந்திரம், பயிற்சி பெற்ற தொழிலாளி. இவற்றில் போடும் பணம் மரத்தின் மதிப்பாகத் திரும்பி வரும்.

மலேசியா செய்தது

மலேசியாவின் ரப்பர் தோட்டங்களைத் தமிழர் மறக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன எத்தனையோ குடும்பங்கள் அங்கே பால் வெட்டின.

அங்கும் முன்பு ரப்பர் மரம் விறகாகத்தான் எரிந்தது. கரியாக்கி இரும்பு உருக்கவும் பயன்படுத்தினார்கள். 1970-களின் கடைசியில் நிலைமை மாறத் தொடங்கியது. கெப்போங் என்ற இடத்தில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம் மருந்தூட்டும் முறையையும் உலர்த்தும் முறையையும் சோதித்தது. தொழில் செய்வோருக்குக் கற்றுக் கொடுத்தது. தொழிற்சாலைகள் எழுந்தன. மூவார் என்ற ஊர் மேசை, நாற்காலி செய்வதில் உலகப் புகழ் பெற்றது. விறகாக இருந்த மரம் கப்பலேறி அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போனது.

ஆனால் அங்கும் ஒரு சிக்கல் வந்தது. பலர் ரப்பரை விட்டு எண்ணெய்ப் பனைக்கு மாறினார்கள். ரப்பர் நிலம் குறைந்தது. தொழிற்சாலை நிறைய இருந்தும் தடிக்குத் தட்டுப்பாடு வந்தது. தோட்டக்காரருக்குக் கட்டுப்படி ஆனால்தான் அவர் மறுபடி கன்று நடுவார். அவர் நட்டால்தான் தொழிற்சாலை ஓடும். சங்கிலியின் முதல் கண்ணியை மறந்தால் கடைசிக் கண்ணிக்கு வேலை இல்லை.

நம் பக்கத்தில்

இந்தியாவில் ரப்பர் நிலத்தின் பெரும்பகுதி சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. ஒருவர் அரை ஏக்கர் வெட்டுவார். இன்னொருவர் ஒரு ஏக்கர் வெட்டுவார். ஆளுக்கு ஒரு நாளில் வெட்டினால் லாரி நிறையாது. லாரி நிறையாவிட்டால் கூலி கட்டாது.

இதற்கு வழி கூடி வேலை செய்வது. கேரளத்தில் 1980-களிலிருந்து ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் ஊர்தோறும் உருவாயின. ரப்பர் வாரியம் அதற்கு ஊக்கம் தந்தது. பாலைச் சேர்த்து விற்கவே இந்தச் சங்கங்கள் பெரிதும் பயன்படுகின்றன. தடியையும் இப்படிச் சேர்த்து விற்கலாம்.

எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரும்பாவூர் என்ற ஊரில் ஒட்டுப்பலகை ஆலைகள் நிறைய உள்ளன. பென்சில் சீவுவது போல ரப்பர் தடியை மெல்லிய தகடாகச் சீவி ஒட்டுகிறார்கள். கண்ணூரில் ரப்கோ என்ற கூட்டுறவு நிறுவனம் ரப்பர் மரத்தில் கட்டில், மேசை செய்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் 1984-ல் அரசு ரப்பர் கழகம் தொடங்கப்பட்டது.

இதில் நாட்டுக்கும் ஒரு நன்மை உண்டு. 1988-ல் தேசிய வனக் கொள்கை வந்தது. தொழிற்சாலைகள் இயற்கைக் காட்டை நம்பி இருக்கக் கூடாது, விவசாயிகள் வளர்க்கும் மரத்தை வாங்க வேண்டும் என்று அது சொன்னது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. ரப்பர் மரம் காட்டு மரம் அல்ல. பால் தந்து முடித்த தோட்ட மரம். அதை வெட்டினால் காடு அழிவதில்லை.

ஆனால் போட்டி கடுமையானது. கடையில் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. வெளிநாட்டில் செய்த மேசை இருக்கிறது. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை இருக்கிறது. விலையைக் குறைத்தால் மட்டும் இவற்றோடு போட்டி போட முடியாது. பொருள் உறுதியாக இருக்க வேண்டும். ஒரே அளவில் இருக்க வேண்டும். சொன்ன நாளில் வந்து சேர வேண்டும். ஒரு கட்டில் உளுத்துப் போனால் பத்துப் பேர் ரப்பர் மரமே வேண்டாம் என்பார்கள்.

அளக்கத் தெரிந்தால்

பல தோட்டங்களில் வியாபாரி வருவார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். மொத்தமாக ஒரு விலை சொல்வார். இது கண்மதிப்பு. சில இடங்களில் எடை போட்டு வாங்குவார்கள். வெட்டிய தடி காயக் காய எடை குறையும். தாமதம் ஆனால் நட்டம் விற்பவருக்குத்தான்.

தடியை அளக்க ஒரு முறை உண்டு. ஒரு கயிறும் ஒரு டேப்பும் போதும்.

தடியின் நடுவில் சுற்றளவை அளக்க வேண்டும். அது 32 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலில் ஒரு பங்கு 8 அங்குலம். 8-ஐ 8-ஆல் பெருக்கினால் 64. தடியின் நீளம் 9 அடி. 64-ஐ 9-ஆல் பெருக்கினால் 576. அதை 144-ஆல் வகுத்தால் 4. அந்தத் தடியின் அளவு 4 கன அடி.

இதற்குக் கால் சுற்றளவு முறை என்று பெயர். இந்த முறையில் உண்மை அளவைவிடக் குறைவாகத்தான் வரும். உண்மையில் 100 கன அடி இருந்தால் கணக்கில் ஏறக்குறைய 78 வரும். பட்டைக்கும் அறுப்பில் போகும் கழிவுக்கும் கழித்தது போல ஆகிவிடும். விற்பவர் இதைத் தெரிந்து வைத்திருந்தால் விலை பேசும்போது உதவும்.

பருத்த தடி பலகைக்கு ஆகும். நடுத்தரத் தடி ஒட்டுப்பலகைக்கும் பெட்டிக்கும் ஆகும். மெல்லிய கிளை விறகுக்குத்தான். மூன்றையும் சேர்த்து ஒரே விலை பேசினால் பருத்த தடியும் விறகு விலைக்குப் போய்விடும்.

மறு பாதி

அத்தானுக்கு இன்னும் அரை ஏக்கர் பாக்கி இருந்தது. இந்த முறை வெட்டுவதற்கு முன்பே வேலை தொடங்கியது.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரும் அந்த ஆண்டு வெட்ட இருந்தார்கள். நால்வரும் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். மருந்தூட்டும் வசதி உள்ள மில் எது என்று விசாரித்தார்கள். ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தார்கள். மழைக்கு முன்பே ஒரு வாரத்தைக் குறித்தார்கள். லாரியை முதலில் பேசினார்கள். அதன் பிறகுதான் மரத்தில் வாள் பட்டது.

அக்காள் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டார். கயிறு பிடித்து ஒவ்வொரு தடியையும் அளந்தார். சுற்றளவு, நீளம், வெட்டிய தேதி, லாரி போன தேதி எல்லாம் எழுதினார். மில்காரர் தந்த சீட்டையும் நோட்டிலேயே ஒட்டினார்.

ஒரு தடியின் கணக்கில் வேறுபாடு வந்தது. வியாபாரி 3 கன அடி என்றார். அக்காள் நோட்டைக் காட்டினார். வியாபாரி மறுபடி அளந்தார். 4 கன அடி சரியாக வந்தது.

எல்லா மரமும் பலகை விலைக்குப் போகவில்லை. கிளையும் கோணல் தடியும் இந்த முறையும் விறகாகத்தான் போயின. ஆனால் பருத்த தடிகள் சூளைக்குப் போகவில்லை. கையில் வந்த பணத்தில் புதுக் கன்று வாங்கினார்கள்.

மாதம் இரண்டு கழிந்தது. அத்தான் மறுபடியும் குளத்தூருக்கு வந்தார். மருந்தூட்டி உலர்த்திய பலகைகளை மில்லில் வாங்கி வந்திருந்தார். ஆசாரி ஒன்றைத் தட்டினார். கணீர் என்று சத்தம் வந்தது. தூள் உதிரவில்லை.

"அத்தான், இதில் செய்யலாம். பிள்ளைக்கு மட்டும் இல்லை, பேரப்பிள்ளைக்கும் ஆகும்" என்றார் ஆசாரி.

தெரிந்துகொண்டவை

1. ரப்பர் மரத்தில் மாவும் சர்க்கரையும் ஈரமும் அதிகம். அதனால் விரைவில் கெடும்.
2. உடனே மருந்தூட்டி உலர்த்தினால் பல ஆண்டு உழைக்கும்.
3. லாரியையும் மில்லையும் பேசி முடித்த பிறகே மரத்தை வெட்ட வேண்டும்.
4. தடியை அளந்து, தரம் பிரித்து, எழுதி வைத்து விற்க வேண்டும்.
5. சிறு தோட்டக்காரர்கள் கூடி விற்றால் லாரி நிறையும், பேரம் பேச வலு கிடைக்கும்.

கேள்விகள்

1. அத்தானின் முதல் 60 மரம் ஏன் விறகு விலைக்குப் போனது?
2. மருந்தூட்டிய ரப்பர் மரத்தில் வேலி போடலாமா? ஏன்?
3. மலேசியாவில் தொழிற்சாலைகளுக்குத் தடி குறைந்தது ஏன்?
4. உங்கள் ஊரில் விறகாகப் போகும் மரம் எது? அதற்கு வேறு பயன் உண்டா? பேசிப் பாருங்கள்.

கணக்கு

ஒரு தடியின் சுற்றளவு 48 அங்குலம். நீளம் 8 அடி. அதன் அளவு எத்தனை கன அடி?
(விடை: 8 கன அடி)

சொற்பொருள்

தடி – வெட்டிய மரத்துண்டு
வைரம் – மரத்தின் நடுவில் உள்ள உறுதியான பகுதி
உளுத்தல் – பூச்சி அரித்து மாவாதல்
கண்மதிப்பு – அளக்காமல் பார்வையால் மதிப்பிடுதல்
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்